பயணத்தின் நோக்கம்

ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: பயணத்தின் நோக்கம் என்ன? சுற்றுலா, தொழில், உறவினரைப் பார்த்தல், பண்பாடு, படிப்பு, மருத்துவம் என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். பொருந்துவதில் குறியிட வேண்டும். பாரிஸில் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். அதோடு மூன்று நாட்களைச் சேர்த்துக்கொண்டேன். அருங்காட்சியகங்களைப் பார்க்க வேண்டும், யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கால் வலிக்க நடக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்த மூன்று நாட்கள். விண்ணப்பத்தில் 'சுற்றுலா' என்ற பெட்டியிலும் குறியிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் கேட்டார்கள். "எத்தன நாளு கருத்தரங்கு?" என்றார் மாமியார். "அஞ்சு நாள் அத்தை" என்றேன்.

ஐரோப்பிய ஒன்றியத்திடம் உண்மையையும் வீட்டில் பொய்யையும் சொல்லிவிட்டுப் புறப்பட்டவள் நான். முனைவர் பட்டம், இருபதாண்டு ஆசிரியப் பணி, இரண்டு கவிதைத் தொகுப்புகள், சொந்தச் சம்பளம் எல்லாம் இருந்தும், 'சந்தோஷமா இருக்கப் போறேன்' என்று ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகு யோசித்தபோது, இது என் கோழைத்தனம் மட்டுமல்ல என்று தோன்றியது. அந்த வாக்கியம் நம் பெண்களின் மொழியிலேயே பழக்கத்தில் இல்லை. தமிழில் பயணம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் அது விளங்கும்.

தலைப்புகளிலிருந்தே தொடங்கலாம். 1940இல் ஏ.கே. செட்டியாரின் புத்தகம் வந்தது: 'உலகம் சுற்றும் தமிழன்'. 1973இல் எம்.ஜி.ஆரின் படம் வந்தது: 'உலகம் சுற்றும் வாலிபன்'. தமிழன், வாலிபன். உலகம் சுற்றும் வினைக்கு நம் மொழி இயல்பாகக் கொடுத்த விகுதி ஆண்பால்தான். 'ஊர் சுற்றுகிறவள்' என்று பெண்பாலில் சொல்லிப் பாருங்கள். வசவு ஆகிவிடுகிறது. ஒரே வினை ஓர் ஆணுக்குப் புத்தகத் தலைப்பாகவும் ஒரு பெண்ணுக்கு ஏச்சாகவும் இருப்பதை விளக்க இலக்கணம் போதாது.

செட்டியார் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. காந்தியின் அசையும் படங்களைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்தவர் அவர். தி. ஜானகிராமன் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போய்வந்து 'கருங்கடலும் கலைக்கடலும்' எழுதினார். மணியன் ஆனந்த விகடனில் எழுதிய 'இதயம் பேசுகிறது' பயணத் தொடரைப் படித்துத்தான் ஒரு தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் பாரிஸையும் ரோமையும் 'பார்த்தார்கள்'. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபின் திண்ணையில் அமர்ந்து பார்த்தார்கள். வீடு வீட்டில் இருப்பவளால் நடக்கும் என்ற உறுதி இருந்ததால்தான் அந்த ஆண்களின் சூட்கேஸ் அத்தனை லேசாக இருந்தது. இதை அந்த நூல்கள் எழுதுவதில்லை. அவற்றின் குறை என்பதைவிட அவற்றின் முன்நிபந்தனை என்று இதைச் சொல்லலாம்.

இதற்கு மனத்தை உறுத்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெரியார் 1931 டிசம்பரில் புறப்பட்டு ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து எனப் பல நாடுகளைப் பார்த்துவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். நம் பெண்ணியச் சிந்தனைக்கு அந்தப் பயணம் தந்தவை குறைவல்ல. அந்த மாதங்களில் இங்கே இயக்கப் பணிகளைப் பார்த்துக்கொண்டவர்களில் முதன்மையானவர் நாகம்மை. பெரியார் திரும்பிய சில மாதங்களில், 1933 மே மாதம், அவர் இறந்துபோனார். பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்டவர் ஐரோப்பாவைப் பார்த்தார். அவர் பார்த்துவருவதற்காக நாகம்மை ஈரோட்டைப் பார்த்துக்கொண்டார். 'பார்' என்ற வினைக்கும் 'பார்த்துக்கொள்' என்ற வினைக்கும் இடையே உள்ள தூரம்தான் நம் வீடுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள தூரம்.

பெண்கள் போகவே இல்லையா என்றால், போனார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1925இல் அரசு உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனார். கணவரும் பிள்ளைகளும் உடன் போனார்கள். 1926இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். படிப்பு, மாநாடு, பொதுப்பணி என விசாப் படிவத்தில் எந்தப் பெட்டியிலும் தயங்காமல் குறியிடத்தக்க நோக்கங்கள். அந்த நோக்கங்களால்தான் நானும் என் மாணவிகளும் இன்று வகுப்பறையில் இருக்கிறோம். ஆனால் பாரிஸில் மாநாட்டு அமர்வு முடிந்த ஒரு மாலையில் அவர் ஸேன் ஆற்றங்கரையில் சும்மா நடந்திருப்பாரா, ஒரு கோப்பைக் காப்பிக்காக எங்கேனும் உட்கார்ந்திருப்பாரா என்று நாம் கேட்பதே இல்லை. நம் முன்னோடிப் பெண்களிடம் சாதனையைக் கேட்கிறோம். சந்தோஷத்தைக் கேட்பது அவர்களைக் குறைத்துவிடும் என்று நினைக்கிறோம். அந்த நினைப்பைத்தான் இந்தக் கட்டுரையில் நான் சந்தேகிக்கிறேன்.

சினிமா வேறொரு வழியில் பெண்ணை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போனது. ஸ்ரீதரின் 'சிவந்த மண்' 1969இல் வந்தபோது ஐரோப்பியக் காட்சிகளுக்காகவே பேசப்பட்டது. அன்றுமுதல் பனிமலையும் துலிப் தோட்டமும் தமிழ்ப் பாடல்களுக்கு வாடிக்கை இடங்களாயின. நாயகன் கோட்டு போட்டிருப்பான். நாயகி மெல்லிய சேலையில் பனியில் ஆடுவாள். அவளுக்குக் குளிராது. அவள் அங்கே எதையும் பார்க்கவும் மாட்டாள், ஏனென்றால் மலையைப் போலவே அவளும் பார்க்கப்படும் பொருள். ஐரோப்பாவை ஐம்பது ஆண்டுகள் பின்னணியாக வைத்துக்கொண்ட நம் சினிமாவில், ஓர் அருங்காட்சியகத்துக்குள் தனியாக நின்று ஒரு படத்தைப் பார்க்கும் தமிழ்ப் பெண்ணை எனக்கு நினைவில்லை.

2014இல் இந்தியில் 'குயின்' வந்தது. திருமணம் நின்றுபோன ஒரு பெண் தேனிலவுக்கு வாங்கிய டிக்கெட்டில் தனியாகப் பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகிறாள். படம் நன்றாக ஓடியது. காஜல் அகர்வால் நடிக்க அது தமிழில் 'பாரிஸ் பாரிஸ்' என்று எடுக்கப்பட்டு, முன்னோட்டமும் வெளியானது. தணிக்கையில் சிக்கியது. ஆண்டுகள் பல கடந்தும் திரையரங்குக்கு வரவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் தனியாகப் பாரிஸ் போன தமிழ்ப் பெண் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறாள் என்ற செய்தி, எந்தத் திரைவிமர்சனத்தையும்விட எனக்கு அதிகம் சொல்கிறது.

இவ்வளவும் சொன்னபின், நம் மரபிலேயே பெண்ணின் பயண இன்பம் இல்லை என்று முடித்துவிட முடியாது. நான் பாடம் நடத்தும் காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறினால் தருமபுரி வந்துவிடும். அது பழைய தகடூர், அதியமானின் ஊர். அங்கேதான் ஒளவை தங்கியிருந்தார். சங்கத் தொகைகளில் மிகுதியான பாடல்கள் பாடிய பெண் அவர். அவரைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை நெல்லிக்கனி. அதைத் தாண்டி இரண்டு பாடல்களைப் படிக்கும்படி மாணவிகளிடம் சொல்வேன்.

ஒன்று புறநானூற்றின் 95ஆம் பாடல். அதியமானின் தூதாகக் காஞ்சிக்குப் போன ஒளவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த அரண்மனையில் ஆயுதங்கள் அழகாக இருக்கின்றன. ஒளவை அவற்றைப் புகழ்வதுபோலத் தொடங்கி, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். தூதுப் பாடல், அங்கதப் பாடல் என்று இதை நடத்துகிறோம். எனக்கு இது ஒரு பெண் காட்சிக்கூடம் ஒன்றைப் பார்த்துச் சொன்ன முதல் தமிழ் விமர்சனம். காட்சிக்கு வைத்த பொருள் ஏன் இவ்வளவு பளபளக்கிறது? புழக்கத்தில் இல்லாததால். காட்டுகிறவனின் பெருமையை நம்பாமல் பொருளை மட்டும் பார்த்து அவர் அதைக் கண்டுகொண்டார். எந்த அருங்காட்சியகத்துக்குள் போகும்போதும் கொண்டுபோகத்தக்க கண் அது.

மற்றொன்று 235ஆம் பாடல், அதியமான் இறந்தபின் பாடியது. அழுகைப் பாடல்தான், ஆனால் எதை நினைத்து அழுகிறார்? கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் உண்டு மகிழ்வான், எலும்போடு ஒட்டிய இறைச்சித் துண்டு எங்களுக்கு வரும் என்று உணவைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். நல்ல சாப்பாட்டை, அதைப் பகிர்ந்த நட்பை, வெட்கமில்லாமல் நினைவுகூரும் பெண் குரல் அது. இன்னொரு பாடலில் பகைவேந்தன் அவரை மை தீட்டிய கண்ணும் அணிகலனும் கொண்ட இளம் விறலியாக விளிக்கிறான்.

அந்த இளம் பெண்ணுக்கு என்ன ஆனது? பிற்கால ஒளவைகளோடு அவர் ஒன்றாகக் கலக்கப்பட்டார். கதைகள் அவருக்கு நரை தந்தன, கோல் தந்தன, கள்ளைப் பிடுங்கிக்கொண்டு நீதியைக் கையில் கொடுத்தன. 1953இல் ஜெமினியின் 'ஒளவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் கம்பீரக் குரலில் அந்த மூதாட்டி தமிழகமெங்கும் நிலைபெற்றார். திருமணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் முதுமையை வேண்டிப் பெறும் கதையை நாம் பக்தியாகக் கேட்கிறோம். ஊர் ஊராகப் போக விரும்பும் பெண் அதற்கு விலையாக இளமையைக் கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தமாகவே எனக்கு அது கேட்கிறது. நடக்கலாம், ஆனால் உடம்பு கூடாது. பாடலாம், ஆனால் பசியும் ருசியும் கூடாது. நாற்பதுகளில் இருக்கும் என்னிடம் "இனிமே கோயில் குளம்னு போயிட்டு வாங்க" என்று சொல்கிறவர்கள் அந்த ஒப்பந்தத்தைத்தான் நீட்டுகிறார்கள்.

அந்த இளம் ஒளவையை நினைத்துக்கொண்டுதான் லூவ்ருக்குள் போனேன். மோனா லிசா இருக்கும் கூடத்தில் கூட்டம் கைப்பேசிகளை உயர்த்திக்கொண்டு நின்றது. அதற்கு நேர் எதிர்ச் சுவரில், ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஓவியம் ஒன்று எல்லாருடைய முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தது. வெரோனேஸே 1563இல் தீட்டிய 'கானாவூர்க் கல்யாணம்'. வெனிஸில் ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்கு வரையப்பட்டது. 1797இல் நெப்போலியனின் படை எடுத்து வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள், இசைக்காரர்கள், நாய்கள், தட்டுகள், மேலே இறைச்சி வெட்டுகிறவர்கள். நடுவில் இயேசு, பக்கத்தில் மரியாள்.

பைபிள் கதைப்படி, அந்த விருந்தில் திராட்சை ரசம் தீர்ந்துபோனதை மகனிடம் சொல்பவர் மரியாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் கல்யாணத்தில்தான் ரசம் தீர்ந்ததை ஓர் ஆண் முதலில் கவனித்திருக்கிறான்? அற்புதம் நிகழ்த்தியவர் மகன். பற்றாக்குறையைக் கண்டவர் தாய். விருந்துக்கு வந்த இடத்திலும் அவரால் விருந்தாளியாக இருக்க முடியவில்லை. அரைமணி நேரம் அந்தப் படத்தின் முன் நின்றேன். யாரும் என்னை இடிக்கவில்லை, உரசவில்லை, 'யாரு கூட வந்திருக்கீங்க' என்று கேட்கவில்லை. ஒரு பெண் ஒரு பொருளைத் தனக்குத் தோன்றும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதே எனக்குப் புது அனுபவமாக இருந்தது.

ஆனால் அந்தக் கட்டடம் பெண்களுக்காகக் கட்டப்பட்டதும் அல்ல. சுவர்களில் ஆடையில்லாத பெண்கள் நிறைய இருக்கிறார்கள், படத்தடியில் இருக்கும் பெயர்களில் பெண்கள் மிகக் குறைவு. நியூயார்க்கில் கெரில்லா கேர்ள்ஸ் என்னும் பெண் கலைஞர் குழு 1989இல் எண்ணிப் பார்த்தது. மெட் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் ஓவியர்களில் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, நிர்வாண உருவங்களில் பெண்கள் 85 விழுக்காடு. எண்ணிப் பார்ப்பதும் ஒரு விமர்சன முறைதான். இதே பாரிஸில் படித்த அம்ரிதா ஷெர்கில் 1933இல் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். இந்தியா திரும்பி, 1937இல் தென்னிந்தியப் பயணத்துக்குப் பின் சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தாரை வரைந்தார். பாரிஸின் அருங்காட்சியகங்களில் பழகிய அவருடைய கண் கடைசியில் நம் கறுத்த உடல்களில் வந்து நின்றது. சுற்றிப் பார்த்தது வீண்போகவில்லை.

மறுநாள் கீமே அருங்காட்சியகத்தில் சோழர் கால நடராசர். கோயிலில் பட்டும் மாலையும் மூடிய திருமேனியைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு கணம் பார்த்தவள் நான். இங்கே சுற்றி வந்து முதுகைப் பார்க்கலாம், சடையின் முடிச்சுகளை எண்ணலாம். இன்று என்ன நாள் என்று என் உடம்பை யாரும் கேட்கவில்லை. என்ன சாதி என்றும் கேட்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது, உடனே உறுத்தவும் செய்தது. வெண்கலத்துக்குப் பூவும் எண்ணெயும் ஊரும் வேண்டாமா? லண்டனில் வழக்காடி 1991இல் மீட்டுக்கொண்டு வந்த பத்தூர் நடராசரை நினைத்துக்கொண்டேன். என் சுதந்திரமான பார்வைக்கும் அந்தச் சிலையின் ஊர்பெயர்வுக்கும் தொடர்பு உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. தொண்டைமானின் கொட்டிலில் ஒளவை நின்றதுபோல்தான் நிற்க வேண்டும். அழகை ஒப்புக்கொள்ள வேண்டும், அது இங்கே எப்படி இத்தனை சுத்தமாக இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அன்று மதியம் ஒரு சிறு உணவகத்தில் தனியாக உட்கார்ந்து வெங்காய சூப்பும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டேன். எங்கள் பக்கத்து ஓட்டல்களில் 'பேமிலி ரூம்' என்று திரை போட்ட அறை இருக்கும். தனியாகப் போகிற பெண்ணை அங்கேதான் அனுப்புவார்கள், குடும்பம் இல்லாமல் வந்தவளைக் குடும்ப அறைக்கு. இங்கே சன்னலோரம் கிடைத்தது. தட்டில் இருந்ததை நான் சமைக்கவில்லை, நான் கழுவப் போவதுமில்லை. இதை எழுதும்போதுகூட ஒரு குற்றவுணர்வு வருகிறது பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைசி நாள் லா ஷப்பேல் பகுதிக்குப் போனேன். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெரு. ஒரு காய்கறிக் கடையில் நின்ற அக்கா ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இந்தியாவோ? என்ன பார்த்தனீங்கள்?" என்றார். லூவ்ர் என்றேன். "நான் இஞ்ச வந்து இருபத்தாறு வருஷம். பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போனவை. நான் போகேல்லை. எங்க நேரம்?" என்று சிரித்தார். மெட்ரோவில் கால் மணி நேரத் தொலைவு. இருபத்தாறு வருடம். போரையும் எல்லைகளையும் கடந்துவந்த பெண்ணால் அந்தக் கால் மணி நேரத்தைக் கடக்க முடியவில்லை. பணமும் விசாவும் மட்டுமே தடை என்றால் அவருக்கு இரண்டும் தேவைப்படவில்லை. அவரிடம் இல்லாதது, தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ஒரு மதியம்.

இப்போது நியாயமான ஒரு கேள்வி வரும். தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு லூவ்ரைப் பற்றிப் பேசலாமா? செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்குத் தலைச்சுமையோடு வரும் பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? என் பயணம் என் சம்பளத்தால் நடந்தது என்பது உண்மை. ஆனால் ஏழைப் பெண்ணுக்கு உயிரும் உணவும் மட்டும் போதும், இன்பம் வசதியுள்ளவளின் பேச்சு என்று பிரித்து வைப்பதும் ஒரு மேட்டிமைதான். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, 'சும்மா சும்மா ஏறி எங்க போறாளுங்க' என்ற கேலியும் கூடவே வந்தது. கேலி செய்தவர்களுக்கு விஷயம் சரியாகப் புரிந்திருந்தது. வேலைக்குப் போவதை அவர்கள் கேலி செய்யவில்லை. சும்மா போவதைத்தான் செய்தார்கள். பெண் நோக்கமில்லாமல் நகர்வதுதான் அவர்களை உறுத்தியது. லூவ்ருக்குப் போன என்னையும் நகரப் பேருந்தில் ஏறிய அவரையும் இணைப்பது அந்த ஒரே கேள்வி: "எதுக்கு?"

எங்கள் மாவட்டத்தில் சுற்றுலா என்றால் ஒகேனக்கல். குடும்பங்கள் அருவியில் குளிக்கும், படகில் போகும், மீன் வாங்கி ஆற்றங்கரையில் அடுப்பு வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்துச் சமைத்துச் சாப்பிடும். மசாலாவின் வாசனைக்காகவே அங்கே போகலாம். ஆனால் வேனில் வரும் அம்மாக்கள் கட்டுச்சோற்றுத் தூக்கையும் ஈரத்துணிகளையும் காத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பதையும், அடுப்பின் முன் புகையில் நிற்பவர்களையும் சேர்த்துப் பாருங்கள். மற்றவர்களின் பயணத்தில் ஒருத்தி காவல், ஒருத்தி சமையல்.

திரும்பி வந்தபின் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன்: யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம் என்றால் ஒரு நாள் எங்கே போவீர்கள்? பெரும்பாலோர் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போவோம் என்று எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும், தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்க்க வேண்டும், பிறகு பிரியாணி சாப்பிட வேண்டும், தனியாக, என்று எழுதியிருந்தாள். அடுத்த வாரம் போயும் வந்திருந்தாள். "எல்லாக் கல்லிலும் ஆம்பளைங்கதான் மேம் சண்டை போடுறாங்க. பொம்பளைங்க மேல சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும் நிக்கிறாங்க" என்றாள். வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்றேன். "லைப்ரரி" என்றாள்.

என்னால் அவளைக் கண்டிக்க முடியவில்லை. நான் சொன்ன ஐந்து நாள் கருத்தரங்கை அவளிடம் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அன்று மாலை வீட்டுக்குப் போய், "அத்தை, பாரிஸ்ல கருத்தரங்கு ரெண்டு நாள்தான். மிச்சம் மூணு நாள் சும்மா சுத்திப் பார்த்தேன், நல்லா சாப்பிட்டேன்" என்றேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார்.

அவர் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கீரையை நானும் ஆய்ந்துகொண்டே, வெங்காய சூப்பிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.